எட்டாவது நிகழ்ச்சி: குரங்கு தரிசனம்

அரசு அலுவலகம் காலை பத்து மணிக்குத் திறக்கும். சூரியன் அதற்கு முன்பே உதித்துவிடும். இந்த இரண்டு உண்மைகளும் எல்லா ஊர்களிலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றன. எங்கள் நாஹர்ஜுலியில்தான் மோதிக்கொண்டன.

நாஹர்ஜுலி வன உயிரினச் சரணாலயம் அஸ்ஸாமிலேயே மிகச் சிறியது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பெயர்ப்பலகை வைத்ததிலேயே பாதிக் காடு தீர்ந்துபோய்விட்டது என்பார் காவலர் சுக்ரா தாந்தி. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். நடுவில் வானத்தை முட்டும் ஹொலாங் மரங்கள். அவற்றின் உச்சியில் ஹூலக். பார்க்கக் குரங்கு மாதிரிதான், ஆனால் வால் கிடையாது. ஆண் கறுப்பு, புருவம் மட்டும் வெள்ளை. பெண் தேன் நிறம். தரையில் கால் வைப்பதை இரண்டும் கௌரவக் குறைவாக நினைக்கும். விடிந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் உச்சிக் கிளையில் உட்கார்ந்து, ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் எடுத்து, காடே அதிரும்படி பாடுவார்கள். வெயில் ஏறியதும் அடர்ந்த இலைக்குள் போய்விடுவார்கள். அதன்பிறகு அவர்களைக் கண்டுபிடிப்பது கடவுளுக்கும் கஷ்டம்.

நுழைவுச்சீட்டு ஜன்னல் பத்து மணிக்குத் திறக்கும். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான். வருகிறவர்கள் சீட்டு வாங்கி, உள்ளே போய், அண்ணாந்து பார்த்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, "எங்கம்மா குரங்கு?" என்று கேட்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். "எங்கே" என்ற கேள்விக்கு "காலையில" என்று எப்படிப் பதில் சொல்வது?

இது எப்படியோ தலைமை அலுவலகத்தின் காதுக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஓர் ஆணை வந்தது. கடந்த ஆண்டு முழுவதும் அலுவல் நேரத்தில் ஒரு ஹூலக்கூடப் பார்க்கப்படவில்லை என்பதாலும், அவ்வாறு பார்க்கப்படாத விலங்கு அங்கே இல்லை அல்லது இருந்தும் ஒத்துழைக்கவில்லை என்று கருத இடமிருப்பதாலும், துணை இயக்குநர் திரு. பாட்கிரி அவர்கள் நேரில் வந்து அலுவல் நேரத்தில் ஹூலக்கைப் பார்ப்பார். பார்க்க இயலாத பட்சத்தில் சரணாலயம் மூடப்படும். மரங்கள் அகற்றப்படும். பொதுமக்கள் எந்நேரமும் கண்டு களிக்கும் வண்ணம் அவ்விடத்தில் சிமெண்ட் ஹூலக்குகள் நிறுவப்படும்.

சிமெண்ட் ஹூலக் இப்போது எங்கள் பக்கம் பெரிய நாகரிகம். மாதிரிக்கு ஒரு ஜோடி வாசலில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது. நடுவே இடம் விட்டு, தோளில் கை போடத் தோதாகக் கையை நீட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டிருக்கும். படம் எடுத்துக்கொள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசை நிற்கும். இரண்டுக்கும் நீளமான வால். ஹூலக்குக்கு வால் கிடையாதே என்று ஒப்பந்தக்காரரிடம் நான் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தேன். "வால் இல்லேன்னா ஜனங்க நம்ப மாட்டாங்கம்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். வால் உள்ளதோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் யாரும் உள்ளே வந்து குரங்கு எங்கே என்று கேட்கவில்லை.

எங்கள் ரேஞ்சர் ஹாதிபருவா சாருக்கு ஆணையைப் படித்ததும் வியர்த்துவிட்டது. அலுவலகத்துக்குப் பின்னால் அவர் வெட்டிய குளம் இருக்கிறது. அதில் அவருடைய வாத்துகள் இருக்கின்றன. ஆணையோடு வந்த வரைபடத்தில் அந்தக் குளத்தின்மேல் சிற்றுண்டிச்சாலை என்று எழுதியிருந்தது. அவர் உடனே பாட்கிரி சாருக்குத் தொலைபேசியில் பேசினார். ஜன்னல் பக்கத்திலேயே இருந்ததால் எனக்கு இரண்டு பக்கமும் கேட்டது.

"சார், நீங்க விடிகாலையில வந்தீங்கன்னா தலைக்கு மேலயே பாடும் சார். ஆறு மணி போல."

"ஆறு மணிக்கு நான் அதிகாரி இல்ல, ஹாதிபருவா. தனி மனுஷன். தனி மனுஷன் பாத்தது கோப்புல ஏறாது."

"கொஞ்சம் முன்னாடி அதிகாரி ஆகிட முடியாதா சார்?"

"பத்து மணிக்குத்தான் ஆவேன். அதுகளப் பத்து மணிக்குப் பாடச் சொல்லுங்க. அரசாங்கக் காட்டுல இருக்கு, அரசாங்கப் பழத்தத் தின்னுது, அரசாங்க நேரம் மட்டும் ஆகாதா?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. ஆகவே ஹூலக் குடும்பத்துக்கு முறைப்படி விளக்கம் கேட்டு ஓர் அறிவிப்பு தயாரானது. அலுவல் நேரத்தில் பணியிடத்தில் காணப்படாததற்குக் காரணம் என்ன, ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது. வாங்கிக்கொள்ள அவர்கள் கீழே இறங்கவில்லை. பெற மறுப்பவரின் வசிப்பிடத்தில் ஒட்டலாம் என்று விதி இருப்பதால் சுக்ரா ஏணி வைத்து ஏறி ஹொலாங் மரத்தில் ஒட்டிவிட்டு வந்தார். மறுநாள் குட்டி ஹூலக் கிளையில் தொங்கியபடி அதைக் கிழித்து, மென்று பார்த்து, துப்பிவிட்டது. "பெறப்பட்டது. ஏற்கப்படவில்லை" என்று ரேஞ்சர் சார் குறித்துக்கொண்டார்.

அப்படிக் குறித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துத் தோட்டத்தின் சங்கு ஊதியது. ரேஞ்சர் சார் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

எங்கள் பக்கத் தோட்டங்களுக்குத் தனி நேரம் உண்டு. வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து தோட்டத்துக் கடிகாரம் நாட்டுக் கடிகாரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடும். கிழக்கில் சீக்கிரம் விடிகிறதே, வெளிச்சத்தை வீணாக்குவானேன் என்று ஏற்பாடு. தோட்டத்தில் எட்டு மணி என்றால் சாலைக்கு இந்தப் பக்கம் ஏழு. ஒரே குடும்பத்தில் அவன் தோட்ட நேரத்தில் சாப்பிட்டு முடித்திருப்பான், அவள் நாட்டு நேரத்தில் அரிசி களைந்துகொண்டிருப்பாள். இதனால் எங்களுக்குள் சண்டை வந்திருக்கிறதே தவிர, யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை.

"தோட்டம் ஒரு மணி முன்னால போகலாம்னா, சரணாலயம் நாலு மணி முன்னால போகக்கூடாதா?" என்றார் ரேஞ்சர் சார்.

யோசித்துப் பார்த்ததில், கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நாடு ஆறு மணி என்னும்போது சரணாலயம் பத்து மணி என்றால் முடிந்தது. ஹூலக் வழக்கம்போலப் பாடும். அதிகாரி அலுவல் நேரத்தில் பார்ப்பார். தலைமை அலுவலகமும் ஒப்புக்கொண்டது. விலங்கின் நேரத்தை மாற்றத்தான் அவர்களுக்கு அதிகாரம் போதவில்லை. கடிகாரத்தின் நேரத்தை மாற்றத் தாராளமாக இருந்தது.

சுவரில் மூன்று கடிகாரங்கள் மாட்டினார்கள். நாட்டு நேரம், தோட்ட நேரம், சரணாலய நேரம். சுக்ராவுக்கு 'கடிகாரப் பொறுப்பாளர்' என்று புதுப் பதவி. சட்டைப்பையில் குத்திக்கொள்ளப் பட்டையும் வந்தது. அவர் அன்றிலிருந்து கொஞ்சம் மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.

மூன்று கடிகாரம் உள்ள அலுவலகத்தில் தாமதம் என்ற ஒன்று இல்லாமல் போய்விடும் என்பது எங்களுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. எல்லோரும் நாட்டு நேரப்படி பத்து மணிக்கு வந்தார்கள். தோட்ட நேரப்படி பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போனார்கள். சாப்பிட்டுத் திரும்பும்போது சரணாலய நேரப்படி நாலு மணி ஆகிவிட்டிருந்தது, வீட்டுக்குப் போனார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தத்தில் ஒரு மணி நேரம் வேலை. முன்பைவிட அது அதிகம் என்று சுக்ரா சொன்னார்.

பாட்கிரி சார் வரும் நாள் வந்தது. போஹாக் பிஹு பண்டிகை முடிந்து, மழை தொடங்காத நேரம். அவர் வாகனம் வாசலில் நின்றபோது சரணாலயக் கடிகாரம் மிகச் சரியாகப் பத்து காட்டியது. சிவந்த கண்களோடு இறங்கினார். வாசலிலேயே சுக்ரா அவர் கைக்கடிகாரத்தை வாங்கி நாலு மணி நேரம் தள்ளிவைத்துக் கொடுத்தார். அந்தக் கணத்திலிருந்து பாட்கிரி சார் அதிகாரி ஆனார். முகத்திலேயே தெரிந்தது.

நேராக உள்ளே கூட்டிப்போய் ஹூலக்கைக் காட்டியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். காடும் பிழைத்திருக்கும். ஆனால் வந்த விருந்தாளியைக் கமோசா போடாமல் உள்ளே அனுப்பும் அளவுக்கு நாங்கள் நாகரிகம் இல்லாதவர்கள் அல்ல.

சிவப்புக் கரை போட்ட வெள்ளைத் துண்டு, கமோசா. வந்தவர் கழுத்தில் போடவேண்டும். போட்டவர் கழுத்தில் வேறொருவர் போடவேண்டும். அவரைச் சும்மா விடலாமா? அவருக்கும் ஒன்று. தையல் சங்கம், மீனவர் சங்கம், இளைஞர் மன்றம், நாடகக் குழு என்று எல்லாத் தலைவர்களும் மேடையில் இருந்தார்கள். மேடை, நிழலுக்காக ஹொலாங் மரத்தடியிலேயே போடப்பட்டிருந்தது. தொகுத்து வழங்கியவர் பள்ளி ஆசிரியை மினதி பைதேவ். ஊருக்கெல்லாம் அக்கா. அவர் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினால் திரும்பக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. தட்டில் கமோசாக்களை அடுக்கிவைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்பது என் வேலை.

விளக்கேற்றினார்கள். வரவேற்புப் பாட்டு தொடங்கியது. அதே நேரம் எங்கள் தலைக்கு நேர் மேலே ஹூலக்கும் தொடங்கியது.

முதலில் ஆண், ஒரு நீண்ட குரல். பெண் அதைப் பிடித்து மேலே கொண்டுபோனாள். இலைகள் நடுங்கின. பெரிய குட்டியும் சேர்ந்துகொண்டது. வரவேற்புப் பாட்டுப் பாடிய பெண்கள் சுருதி தவறி ஒருவரையொருவர் பார்த்தார்கள். மினதி பைதேவ் ஒலிபெருக்கியில், "பின்வரிசையில் இருப்பவர்கள் தயவுசெய்து அமைதி காக்கவும்" என்றார்.

ரேஞ்சர் சாரின் முகம் பிரகாசமாகிவிட்டது. பாட்கிரி சாரின் காதருகே குனிந்தார். நான் தட்டோடு பின்னாலேயே நின்றிருந்தேன்.

"சார், அதுதான் சார். மேலதான் இருக்கு. லேசா அண்ணாந்து பாத்தீங்கன்னா போதும்."

பாட்கிரி சார் நிமிரவில்லை. மடியில் இருந்த நிகழ்ச்சி நிரலை விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே போனார்.

"ஹூலக்கைப் பார்வையிடுதல், எட்டாவதுதானே போட்டிருக்கீங்க?"

"ஆமா சார். ஆனா இப்ப..."

"இப்ப ரெண்டாவது நடக்குது. ரெண்டாவதுலயே பாத்துட்டா எட்டாவதுல எதப் பாக்கறது? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல, ஹாதிபருவா."

ரேஞ்சர் சார் மினதி பைதேவிடம் ஓடினார். எட்டாவதை மூன்றாவதாக ஆக்க முடியுமா என்று கெஞ்சினார். ஆக்கலாம், ஆனால் மூன்றாவதாக இருக்கும் மீனவர் சங்கத் தலைவர் எட்டாவதுக்குப் போகச் சம்மதிக்க வேண்டுமே என்றார் பைதேவ். மீனவர் சங்கத் தலைவரைக் கேட்டார்கள். குரங்குக்குப் பின்னால் பேசும் நிலைமை தன் சங்கத்துக்கு இன்னும் வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆகவே கமோசா தொடர்ந்தது. பாட்டும் தொடர்ந்தது. பாட்கிரி சார் ஹூலக்கின் அருமை பெருமைகளைப் பற்றிப் பேச எழுந்தார். மேலே இருந்த சத்தத்தில் அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. இந்த இனிய குரலை நம் பிள்ளைகள் கேட்க வேண்டாமா என்ற இடத்தில் நிறுத்தி, "யாராவது போய் அந்தச் சத்தத்த நிறுத்துங்கப்பா" என்றார்.

ரேஞ்சர் சார் சுக்ராவைப் பார்த்தார். சுக்ரா அசையவில்லை. அடுத்ததாகக் கடிகாரப் பொறுப்பாளருக்குக் கமோசா என்று பைதேவ் அறிவித்திருந்தார். வாழ்க்கையில் அவருக்கு அது முதல் கமோசா.

"சுக்ரா அண்ணா, மேல பாருங்க, குட்டிகூட வந்திருக்கு" என்றேன் நான், எனக்கே கேட்காத குரலில்.

"அது தினமும்தான் வருது, மாஜனி. எனக்கு இது இன்னிக்கு மட்டும்தான். தட்டுல எம் பேருக்கு ஒண்ணு இருக்கில்ல?"

நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. நாடகக் குழுச் செயலாளர் அழைக்காமலேயே மேடை ஏறி ஒன்றை வாங்கிக்கொண்டு போயிருந்தார். தட்டை வைத்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடினேன். அலமாரியைத் திறந்து, இன்னொன்று எடுத்து, மடித்து, மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன். சுக்ரா கழுத்தில் அது விழுந்ததும் கைதட்டல் எழுந்தது. கைதட்டல் அடங்கியபோது காட்டில் வேறு எந்தச் சத்தமும் இல்லை.

பிறகு ஏழாவது நிகழ்ச்சியாகக் குழுப்படம். அதற்குப் பின் பிட்டா என்ற அரிசிப் பலகாரமும் சிவப்புத் தேநீரும், தட்டில் வெற்றிலையும் ஈரப் பாக்கும். எட்டாவது நிகழ்ச்சி தொடங்கும்போது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. பாட்கிரி சார் கழுத்துவரை கமோசாவோடு, முறைப்படி எழுந்து, முறைப்படி நடந்து, முறைப்படி அண்ணாந்து பார்த்தார். ஹொலாங் மரம் இருந்தது. இலை இருந்தது.

"இல்ல" என்றார்.

"இவ்வளவு நேரம் பாடிச்சே சார்" என்றார் ரேஞ்சர் சார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"கேட்டேன். நான் கேக்கலேன்னு சொல்லல. ஆனா ஆணையில 'பார்ப்பார்'னுதான் போட்டிருக்கு. கேட்டதப் பாத்ததா எழுதச் சொல்றீங்களா? நான் பொய் எழுத மாட்டேன்."

அவர் நேர்மையானவர் என்று பெயர் வாங்கியவர். கைக்கடிகாரத்தை நாலு மணி நேரம் பின்னால் தள்ளி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரமே மரங்களில் சிவப்பு வண்ணத்தில் எண் போட ஆட்கள் வந்தார்கள். மேடைக்கு நிழல் கொடுத்த ஹொலாங் மரத்துக்கு முதல் எண். ரேஞ்சர் சார் வாத்துகளுக்கு வேறிடம் தேடத் தொடங்கினார். விடிகாலையில் ஹூலக் எண்ணுக்கு மேலே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அதைக் கேட்டுக்கொண்டே ஜன்னலைத் துடைப்பது கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் பாட்கிரி சார் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம். நடந்தது இதுதான். கமோசாக்களோடு எடுத்த குழுப்படத்தை அவர் செய்தித்தாளுக்குக் கொடுத்திருந்தார். படம் பெரிதாக வந்தது. மேலிடத்துச் செயலர் அம்மாள் காலைத் தேநீரோடு அதைப் பார்த்திருக்கிறார்.

"ஹாதிபருவா, படத்துல எனக்கு மேல நாலு பேர் உக்காந்திருக்காங்களாம். தலைமை விருந்தினருக்கு மேல ஆசனம் போட்டது யாருன்னு அம்மா கேக்கறாங்க."

"சார், அது ஹூலக் குடும்பம் சார்."

"யார் அழைச்சது?"

"யாரும் அழைக்கல சார். அவங்க இடம் சார் அது."

"கமோசா போட்டீங்களா?"

"இல்ல சார்."

"அழைப்பு இல்ல, கமோசா இல்ல, ஆனா எனக்கு மேல உக்காந்திருக்காங்க. அம்மா சும்மா விடுவாங்களா?"

ரேஞ்சர் சாருக்கு ஒரு நம்பிக்கை வந்தது. "சார், அப்ப அலுவல் நேரத்துலதானே இருந்திருக்காங்க? பார்த்ததா எழுதிடலாமில்ல சார்?"

"நான் எங்க பாத்தேன்? படத்த நல்லாப் பாருங்க. அதுங்கதான் என்னைப் பாத்துட்டிருக்கு. அதிகாரி விலங்கைப் பார்த்தால் என்ன செய்யணும்னு விதி இருக்கு. விலங்கு அதிகாரியைப் பார்த்தால்னு எதுவும் இல்ல."

மேற்படி மரபு மீறலை விசாரிக்க ஒரு குழு அமைந்தது. விசாரணை முடியும்வரை சம்பவ இடத்தில் ஓர் இலையைக்கூட யாரும் தொடக்கூடாது என்று ஆணை வந்தது. ஹொலாங் மரம் இப்போது சான்றுப் பொருள். அதற்குப் போகும் கிளைவழியாக இருப்பதால் அக்கம்பக்கத்து மரங்களும் சான்றுப் பொருள். நாலு பேர் எந்தப் பக்கம் வந்து எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாததால் முழுக் காடும் சான்றுப் பொருள். வனச் சட்டத்தால் காப்பாற்ற முடியாத நாஹர்ஜுலியை ஆசன மரபு காப்பாற்றிவிட்டது. எண் போட்டவர்களே வந்து எண்ணை அழித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் ஊரில் எதற்கும் 'லாஹே லாஹே' என்போம். மெல்ல மெல்ல என்று அர்த்தம். விசாரணைக் குழு அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, அவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்கும் குழு. எப்போது முடியும் என்று எங்களில் யாருக்கும் கவலை இல்லை. வாத்துகள் முட்டையிடுகின்றன. சுக்ரா கமோசாவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மூன்று கடிகாரங்களுக்கு நடுவில் மாட்டியிருக்கிறார். நான் ஜன்னலைப் பத்து மணிக்குத் திறக்கிறேன், எந்தப் பத்து என்று கேட்பவர்கள் இன்னும் வரவில்லை.

போன மாதம் குழுவினர் எங்கள் எல்லோரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்கள். மேலே அந்த நாலு பேரும் பாடிக்கொண்டிருந்தபோது நீங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? பாட்கிரி சார் நிகழ்ச்சி நிரலை என்று எழுதிக் கொடுத்தார். ரேஞ்சர் சார் பாட்கிரி சாரை என்று எழுதினார். மினதி பைதேவ் ஒலிபெருக்கியை. சுக்ரா தட்டை. விலங்கியலில் பட்டம் பெற்ற நான், அலமாரியை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இனி ஹூலக் குடும்பத்தின் வாக்குமூலம் ஒன்றுதான் பாக்கி. அலுவல் நேரத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை மூன்று கடிகாரத்தின்படியும் மேலே இருந்து தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள் மட்டும்தான். வந்து சொன்னால் எங்களில் ஒருவருக்கும் வேலை மிஞ்சாது.

நல்லவேளை, அவர்கள் கீழே இறங்குவதில்லை.